சிவப்பு நூல் கட்டிய தூக்குவாளி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஒரு அகலத் தட்டில் கோழியையும் கேரட்டையும் நூக்கலையும் பரப்பி ஓவனுக்குள் தள்ளிவிட்டு, "அம்மா, இது இப்ப புதுசா வந்திருக்கு. ஒரே தட்டு. ஒரு தடவை செஞ்சா வாரம் பூரா ஓட்டிரலாம்" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நான் தலையாட்டினேன். நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் எதையாவது புதுசு என்று சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிடுவது முழங்காலுக்கு நல்லது. இல்லையென்றால் எழுந்துபோய்ப் பரணில் ஏறி ஆதாரம் தேட வேண்டிவரும்.

என்னிடம் ஆதாரமும் கிடையாது. அந்தத் தட்டு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கறுப்பு இரும்புத் தட்டு, பேக்கரியில் ரொட்டி சுடுகிற தட்டு. ஒரு மூலை மட்டும் உள்பக்கமாக மடங்கியிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் முதலில் வாய் ஊறுகிறது, அப்புறம் நினைப்பை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. வண்டியூர் தெப்பக்குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு அறை வாடகை வீடு. அப்பாவுக்குப் பஞ்சாலையில் ஷிப்டு வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று மாறிக்கொண்டே இருக்கும். அம்மா வீட்டில் இருந்தாள். அந்த வருஷம் புரட்டாசியில் அம்மாவுக்கு நர்சுப் பயிற்சிக்கு இடம் கிடைத்துத் திருச்சியிலிருந்து கடிதம் வந்தது. ஆறு மாதம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். என் அம்மாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் வெள்ளைச் சேலை கட்டிச் சம்பளத்துக்குப் போகப்போகிற முதல் ஆள் அம்மாதான். அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அடுத்த தெருவில் இருந்தார். செய்தி கேட்டதும் வந்துவிட்டார்.

"புள்ளைகள விட்டுட்டு ஆறு மாசமா? நல்லாருக்கே கூத்து! சோறு யாரு பொங்குவா?"

"நான் பொங்குறேன்க்கா" என்றார் அப்பா.

அத்தை சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கிளம்புகிற அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக அப்பாவிடம், "புள்ளைகளுக்கு ஒண்ணுன்னா ஒடனே தந்தி குடுத்துருங்க. நான் வந்துருவேன். படிப்பு கெடந்துட்டுப் போகுது" என்றாள். அப்பா, "அப்படி ஒண்ணும் வராது. நீ முடிச்சிட்டுத்தான் வர்ற" என்றார்.

முதல் இரண்டு மாதம் நாங்கள் சாப்பிட்டதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே அப்பாவுக்கு மரியாதை. ரசம் என்று ஒன்று வைத்தார். சூடாக இருந்தது, அவ்வளவுதான். ஷிப்டு முடிந்து கண் எரிய வந்து, புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்க, அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அவர் அரிசியைக் களைந்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. அத்தை சோறு கொடுத்தனுப்பினால் வாங்க மாட்டார். "பாத்தியா, ஒன்னால முடியலன்னு சொல்லிக் காட்டுவாங்க. அப்புறம் ஒங்கம்மாவக் கூப்புடுன்னு ஆரம்பிப்பாங்க" என்பார் என்னிடம்.

அவரைக் காப்பாற்றியது தெருமுனை பேக்கரிக்காரர். ஷிப்டு முடிந்து அங்கேதான் டீ குடிப்பார் அப்பா.

"அண்ணே, ஞாயித்துக்கெழம ரொட்டி எடுத்த பெறகு அடுப்புச் சூடு சாயங்காலம் வரைக்கும் சும்மாதேன் கெடக்கு. ஒரு கோழிய உள்ள தள்ளுங்க. அது பாட்டுக்கு வேகும். நான் என் வீட்டுக்கு அப்படித்தேன் செய்யுறேன்" என்றார் பேக்கரிக்காரர். மூலை மடங்கி ரொட்டிக்கு ஆகாமல் கிடந்த ஒரு தட்டையும் கையில் கொடுத்தார்.

மார்கழி முதல் ஞாயிறு அது ஆரம்பித்தது. மலையிலிருந்து கேரட்டும் நூக்கலும் வந்து குவிகிற காலம். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பச்சை மொச்சையும் எல்லாக் கடைவாசலிலும் கிடக்கும். அப்பா காய்களைப் பெரிது பெரிதாக நறுக்கி, மில்லில் நூல் சுற்றிய கதிர்களை அடுக்குகிற பழக்கத்தில், தட்டில் வரிசை பிடித்து வைப்பார். நடுவில் சின்ன வெங்காயம், உரிக்காத பூண்டு. கோழிக்கு மஞ்சள், உப்பு, மிளகு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய். அந்தத் துண்டுகளைக் காய்க்கு மேலே படுக்க வைப்பார். மதியம் சுமாடு கட்டித் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போக, நானும் தம்பியும் ஊர்வலம் மாதிரிப் பின்னால் போவோம். அந்த நடையில் அப்பா விசிலடிப்பார். வேறு எந்த நாளிலும் அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை.

நாட்டுக்கோழி லேசில் வேகாது. நாலு மணி நேரம் அந்த அடங்கிய சூட்டில் கிடக்கும். வெளியே வரும்போது தோல் சிவந்து, கொழுப்பெல்லாம் இறங்கிக் காய்கள் அதில் மினுங்கும். வேறு நாளில் நாங்கள் தொடாத நூக்கல் வாயில் வைத்தால் கரைந்தது. வள்ளிக்கிழங்கின் ஓரம் கருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சாறெல்லாம் அந்த மடங்கிய மூலையில் போய்த் தேங்கிக் கெட்டியாகிவிடும். அந்த மூலையைச் சுரண்டுவதற்கு எனக்கும் தம்பிக்கும் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் போட வேண்டும். நீங்களும் ஏதோ ஒரு சட்டியின் அடியைச் சுரண்டி வளர்ந்தவர்கள்தானே, தெரியாதா என்ன.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது போக மீதியை அப்பா மூன்று தூக்குவாளிகளில் பங்கிடுவார். மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவு நூலில் ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு முடிச்சு போடுவார். திங்களுக்கு வெள்ளை, செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்குப் பச்சை. மூன்றையும் பேக்கரியின் ஐஸ்பெட்டிக்குள் கலர் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வருவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அன்றைய வாளியை நான் வாங்கி வந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சுட வைக்க வேண்டும். அப்பா போட்ட ஒரே சட்டம் அதுதான்: "நேரா வீட்டுக்கு வரணும். தளதளன்னு கொதிக்கணும். அப்பறந்தேன் தட்டுல போடணும்." புதன்கிழமை எலும்பும் காயுமாகச் சேர்த்து மிளகு ரசம். வியாழக்கிழமை முட்டை. வெள்ளிக்கிழமை வீடு சுத்தம், கறி கிடையாது.

அத்தைக்கு இது பிடிக்கவே இல்லை. "பச்சப் புள்ளைகளுக்குப் பழைய கறியப் போட்டு வளக்குறான். பேக்கரி அடுப்புல கோழி! யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க" என்று தெருவெல்லாம் சொன்னார். அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் கடைசி வரியை என்னை எழுதச் சொன்னார். நாங்கள் இருவரும் நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டிருக்கிறோம் என்று எழுதினேன். அது உண்மைதான்.

தை மாதம் தெப்பத் திருவிழா வந்தது. அந்த வருஷம் செவ்வாய்க்கிழமை. அம்மனும் சாமியும் தெப்பத்தில் ஏறி மைய மண்டபத்தைச் சுற்றி வருகிற நாளில் எங்கள் பக்கம் கவிச்சி தொட மாட்டார்கள். அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார்: "சிவப்பு நூலு நாளைக்கு. இன்னைக்கு ராத்திரிக்கு அத்தை சோறு கொண்டாருவாங்க." அவருக்கு மதிய ஷிப்டு. நானும் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன், "இன்னைக்குக் கறி தின்னா சாமி கண்ணக் குத்தும்." அக்காள்களுக்குக் கிடைக்கிற சின்ன அதிகாரம் அது.

அன்று பள்ளிக்கூடம் அரை நாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு பேக்கரியைத் தாண்டும்போது பேக்கரிக்காரர் கூப்பிட்டார். திருவிழாவுக்காகக் கடையை அடைத்துக்கொண்டிருந்தார். "இந்தாத்தா, ஒன் தூக்கு. நாளைக்கும் கட தொறக்க மாட்டேன்" என்று சிவப்பு நூல் வாளியைக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, வகுப்புத் தோழிகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வாளியோடு தெப்பக்குளத்துக்குப் போனேன்.

ஊரே அங்கே இருந்தது. படிக்கட்டில் இடம் பிடித்து, வாளியைப் பாவாடைக்குப் பின்னால் வெயிலில் வைத்தேன். வடம் பிடிக்கிறவர்களின் சத்தம், மல்லிகை வாசம், தண்ணீரில் ஆடுகிற மண்டபம். அத்தை ஒரு தரம் எங்களைக் கண்டுபிடித்து, தம்பி கையில் உண்டியலில் போடச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் போனார். அவர் வாளியைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மன் உலா வருகிற குளத்தங்கரையில் நான் கோழிக்கறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! எழுந்து போகவும் பயம், இருக்கவும் பயம். விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் அப்படியே இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை இன்னும் வரவில்லை. தம்பி பசிக்கிறது என்று சிணுங்க ஆரம்பித்தான். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. கறியைச் சுட வைத்தால் வாசம் தெருவுக்குப் போகும், தெப்பத்தன்று எங்கள் வீட்டில் கறி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் சுட வைக்கவில்லை. காலையில் வடித்த சோற்றைத் தட்டில் போட்டு, வாளியிலிருந்ததை அப்படியே கொட்டிக் கொடுத்துவிட்டு, அத்தை வருகிறாரா என்று பார்க்க வாசலில் போய் நின்றேன். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. நான் தொடவில்லை, எனக்குச் சாமி பயம்.

விடியும்போது தம்பிக்கு வாந்தி. வெயில் ஏறுவதற்குள் கண் குழிந்து துணி மாதிரிக் கிடந்தான். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டார். அப்பா காலி வாளியை வீட்டில் பார்த்திருந்தார்.

"கோழிக்கறிங்கய்யா. ஞாயித்துக்கெழம செஞ்சது. நாந்தேன் செஞ்சேன்."

"மூணு நாள் கறியா?" என்று கேட்டு டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெயிலில் வைத்தது நான், சுட வைக்காதது நான். வாயைத் திறந்தால் போதும். ஆனால் தெப்பக்குளத்துக்குக் கறி கொண்டுபோனதைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அம்மன் தம்பியை இப்படிச் செய்துவிட்டாள் என்று நான் முழுசாக நம்பினேன். சொன்னால் இன்னும் கோபம் வருமோ என்று பயந்து நின்றேன். பத்து வயதில் எனக்கு இருந்த அறிவு அம்புட்டுத்தான்.

தந்தி போயிற்று. அம்மா மறுநாள் மதியம் வந்துவிட்டாள். மூன்றாம் நாள் தம்பி கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். அதுவரை அழாமல் இருந்த அத்தை அன்றைக்குத்தான் அழுதார். அழுது முடித்ததும் ஆரம்பித்தார்.

"போதும்த்தா, நீ படிச்சுக் கிழிச்சது. பொட்டியத் தூக்கிட்டு வந்து சேரு. இவன் மறுபடி அந்தத் தட்டத் தூக்குனான்னா புள்ள மிஞ்சாது."

"சரி மதினி" என்றாள் அம்மா. அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்வாள் என்று யாரும் நினைக்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அப்பாதான் எழுந்தார். அத்தை முன்னால் போய் நின்றார். "அக்கா, தப்பு என்னோடது. அவள எதுக்குத் தண்டிக்கிற? நான் இனி அடுப்புப் பக்கமே போகல. தட்டத் தொடல. சாமி சத்தியம். ரெண்டு மாசம் நீ சோறு போடு. அவ முடிச்சிட்டு வரட்டும்."

அத்தை அவரையே பார்த்தார். அவருக்கு வேண்டியதும் அதுதான் போலிருக்கிறது. கூடப்பிறந்தவன் முதலிலிருந்தே தன்னிடம் வந்து கேட்டிருக்க வேண்டும் என்ற மனத்தாங்கல். அப்போது அவரை நான் வில்லியாக நினைத்தேன். இப்போது யோசித்தால், இரண்டு வீட்டுக்கும் இரண்டு மாதம் முகம் சுளிக்காமல் பொங்கிப் போட்ட மனுஷி அவர்.

அம்மா திரும்பிப் போனாள், பரீட்சை எழுதினாள், வெள்ளைச் சேலை கட்டினாள். முப்பது வருஷம் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசவம் பார்த்தாள். எங்கள் படிப்பு, என் கல்யாணம், எல்லாம் அந்தச் சேலையில் வந்தது. அப்பா தன் சத்தியத்தைக் காப்பாற்றினார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலும் கடையில் இட்லி வாங்கி வருவாரே தவிர, வெந்நீர்கூட வைக்க மாட்டார். தட்டு தண்ணீர் டிரம்முக்கு மூடியாகிக் கொஞ்ச நாள் கிடந்தது. வீடு மாறியபோது காணாமல் போனது. எனக்குத் தெரிந்து அவர் மறுபடி விசிலடிக்கவும் இல்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு சந்தர்ப்பம் கையிலேயே வந்தது. எனக்குக் கல்யாணமாகி, கோச்சடையில் வீடு கட்டி, முதன்முதலாக ஒரு சின்ன ஓவன் வாங்கினோம். அப்பா வந்திருந்தார். ஆசையாக அதே மாதிரிச் செய்தேன். ஒரு நூக்கல் துண்டை எடுத்து மென்றுவிட்டு, "வெங்காயம் இன்னுங் கொஞ்சம் போட்ருக்கலாம்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பிரிட்ஜைத் திறந்துவைத்து, ஒவ்வொரு டப்பாவாக மூக்கின் அருகே பிடித்து மோந்துகொண்டிருந்தார். கறி டப்பாவைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினார்.

"மூணு நாள் கறிய புள்ளைகளுக்குக் குடுக்காதத்தா. நான் ஒரு தடவ பட்டது போதும்."

அப்பா, அது உங்கள் தப்பில்லை. இந்த நாலு வார்த்தைதான். சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது, மகள் ஷூவைக் காணவில்லை என்று கத்தினாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இந்த அப்புறம் இருக்கிறதே, அதை நம்பித்தான் நம்மில் பாதிப்பேர் கெட்டுப்போனோம். அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். இரண்டு வருஷத்தில் அம்மாவும் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓவனிலிருந்து தட்டு வெளியே வந்த நேரத்தில் தம்பி ஆனையூரிலிருந்து வந்து சேர்ந்தான். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனான், இப்போது சாப்பாட்டு நேரம் பார்த்து வருவது அவனுக்கு உத்தியோகம். வாசத்தை இழுத்துப் பிடித்தபடி, "அப்பா கோழியா?" என்றான். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாளி, வெயில், சுட வைக்காதது, ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காதது, எல்லாம். "என்னாலதான்டா நீ சாகக் கெடந்த. பழி அப்பா மேல விழுந்துச்சு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவன் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, அந்தக் கறிய நான் திங்கவே இல்லக்கா."

"தட்டு காலியா இருந்துச்சேடா!"

"பின்வாசல் நாய்க்குப் போட்டேன். நீதான சொன்ன, இன்னைக்குத் தின்னா சாமி கண்ணக் குத்தும்னு. அப்புறம் நீயே தட்டுல போட்டு வச்சா நான் என்ன செய்வேன்?"

"அப்ப ஒனக்கு எப்படி..."

"ஐஸுக்கா. குச்சி ஐஸு. உண்டியல்ல போடப் போறேன்னு ஒங்கிட்ட சொல்லிட்டுப் போயி, அத்த குடுத்த காசுல அம்புட்டுக்கும் வாங்கித் தின்னேன். பச்ச, செவப்பு, எல்லாம். எந்தத் தண்ணியில செஞ்சானோ. சாமி காசத் திருடித் தின்னதுக்குத்தான் வாந்தின்னு நெனச்சேன். எப்படிச் சொல்லுவேன்?"

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நாயி?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப வாசல்ல நின்னு வாலாட்டுச்சு."

அப்பாவின் கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் அரை நாள் கிடந்தும், அந்த நாய்க்கு அது ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சாமி பயத்தை மடியில் கட்டிக்கொண்டு, அந்த மனுஷனை ஆயுசு முழுக்க அடுப்புப் பக்கம் அண்டவிடாமல் செய்துவிட்டோம். மகள் டப்பாக்களில் பங்கிட்டு மூடிக்கொண்டிருந்தாள். தம்பி எழுந்துபோய் அதில் ஒன்றை எடுத்தான். "இத நான் கொண்டு போறேன். செவ்வாக்கெழம திங்கிறேன்" என்றான். எங்கள் வீட்டில் இப்போது மில் நூல் ஏது, பூக்காரம்மா மாலை கட்டிவந்த சிவப்பு நூல் கிடந்தது. அதை எடுத்து டப்பாவில் ஒரு முடிச்சு போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலையில் போன் வந்தது.

"தின்னுட்டேன்க்கா. தளதளன்னு கொதிக்க வச்சுத் தின்னேன். ஒண்ணும் செய்யல."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். கூடத்துக்குப் போய் அப்பா படத்துக்கு முன்னால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுடா" என்றேன்.